அட்டைப்பெட்டி அளவுக்கு ஒரு விமானம்

எங்கள் முதல் விமானம் அண்ணாச்சியின் தென்னந்தோப்பில் போய் மாட்டிக்கொண்டது. ஆனி மாதம். சாரல் காற்று அப்போதுதான் வேகம் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி மேற்கே மலையைப் பார்த்து நின்றார். நுரைப்பலகையில் செய்த அந்தச் சின்ன வெள்ளை விமானமும் மலையைப் பார்த்துத்தான் பறந்தது. மூக்கு மலைப்பக்கம், ஆனால் போனது என்னவோ பின்பக்கம். மோட்டார் மூச்சைப் பிடித்துச் சுற்றச் சுற்ற, அது எங்கள் தலைக்கு மேலே பின்னாலேயே நகர்ந்து, தரிசைத் தாண்டி, தோப்புக்குள் போய் ஒரு தென்னையின் கொண்டையில் உட்கார்ந்துவிட்டது. விமானம் ரிவர்ஸில் போவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தரிசும் தோப்பும் அண்ணாச்சியுடையவை. வடகரைக்குக் கிழக்கே, எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் ஐந்து நிமிஷம். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"என்ன வே இது! மத்த மரத்துல எல்லாம் தேங்கா காய்க்கு. இங்கன மட்டும் பிளேனு காய்ச்சிருக்கு?"

நான் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் தேங்காய் பறிக்க வந்த ஆள் அதைக் கீழே தள்ளிவிட்டபோது அது மூன்று துண்டாக இருந்தது. இவர் துண்டுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இனிமே ரெண்டாவது ஒண்ணு பாக்கணும்" என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் ஏதோ துள்ளியது. காரணம் விமானம் இல்லை.

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷம் வளைகுடாவில் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். கூட்டிப் பார்த்தால், கல்யாணமாகி நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தது இரண்டு வருஷம்கூட வராது. அங்கே வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே மணல்வெளியில் சில பேர் இந்த மாதிரி விமானம் விடுவார்களாம். இவர் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று பல வருஷம் வேடிக்கை பார்த்திருக்கிறார். போன வைகாசியில் வரும்போது பெட்டிக்குள் துணிமணிக்கு நடுவே அந்த நுரை விமானம் வந்தது. மற்ற பெண்களுக்குச் சென்ட் வரும், போர்வை வரும். எனக்கு விமானம் வந்தது.

இந்தத் தடவை ஆறு மாத லீவு. மகளுக்குக் கல்யாணம் முடிந்து அச்சன்புதூரில் இருக்கிறாள். வீடும் கட்டியாயிற்று. போய்த்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போகாவிட்டால் விசா செத்துவிடும். பிறகு போக நினைத்தாலும் முடியாது. வைகாசியில் வந்தவர் கார்த்திகைக்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

"ஏங்க, போவீங்களா, இருப்பீங்களா?" என்று நான் வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்டேன்.

"இன்ஷா அல்லாஹ், பாப்போம்."

இறைவன் நாடியது நடக்கும். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இவர் என்ன நாடுகிறார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இவரோ அதை மட்டும் வாய் திறந்து சொல்ல மாட்டார். அதனால்தான் இரண்டாவது விமானம் என்றதும் துள்ளினேன். அடுத்த விமானத்தைப் பற்றி யோசிக்கிற மனுஷன் அடுத்த வருஷத்தைப் பற்றியும் யோசிக்கத்தானே செய்வார்?

ஆடி மாதம் முழுக்க இவர் ஃபோனும் கையுமாக இருந்தார். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். முன்னறையில் பெரிய கட்டிங் மேசை ஒன்று இருக்கிறது. அதன் ஒரு மூலையில் இவர் உட்கார்ந்துகொண்டு நான் துணி வெட்ட வெட்டப் பேசிக்கொண்டே இருப்பார். இரண்டாவது விமானம்தான் கஷ்டமாம். முதல் விமானம் கற்றுக்கொள்ள. அது கையை விட்டாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் எல்லோரும் அகலக்கால் வைத்து விழுவார்களாம். இறக்கை உடம்புக்கு மேலே இருந்தால் சாந்தமாகப் பறக்கும், கீழே இருந்தால் சேட்டை செய்யும். பேட்டரி மோட்டார் என்றால் சத்தம் இல்லை, கை அழுக்காகாது. இன்ஜின் என்றால் கனம், ஆனால் காற்றை எதிர்த்து நிற்கும். எனக்குப் பாதி புரிந்தது. ஆனால் இவர் இவ்வளவு பேசுவார் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது, அதனால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒன்றைப் பிடித்துவிட்டதாகச் சொன்னார். பேட்டரி விமானம், முதலாவதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. எல்லாம் செய்தே வரும். திருகாணி போட்டால் போதும். "இறக்கை ரெண்டாப் பிரியும்" என்றார். அதில்தான் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிறகு எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து அட்டைப்பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் வளைகுடா போன ஆள் இருக்கிற வீட்டில் எல்லாம் அது ஒன்று இருக்கும். நாலு பக்கமும் கறுப்பு மார்க்கரில் பேர் எழுதி, நைலான் கயிறு சுற்றி வந்த பெட்டி. வந்த பிறகு யாரும் அதைத் தூக்கிப் போட மாட்டார்கள். மடக்கிக் கட்டிலுக்கு அடியில் வைப்பார்கள், திரும்பிப் போகும்போது வேண்டும் என்று. இவருக்கு எந்தச் சாமானைப் பார்த்தாலும் அது அந்தப் பெட்டிக்குள் அடங்குமா, எத்தனை கிலோ இருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். ஒருமுறை தென்காசியில் கிரைண்டர் வாங்கப் போனோம். எங்கள் அடுப்படிக்கு வாங்குகிற கிரைண்டர் அது. அதையும் இவர் குனிந்து தூக்கிப் பார்த்துவிட்டு, "கனம் ஜாஸ்தி" என்று வேண்டாமென்றுவிட்டார்.

இப்போது பெட்டியை விரித்து, என் இஞ்ச் டேப்பை எடுத்து, உள்ளே நீளம் அகலம் பார்த்து, ஃபோனில் போட்டிருந்த இறக்கையின் அளவோடு ஒத்துப் பார்த்தார். "கரெக்டா அடங்குது" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். கத்திரியை மேசையில் வைத்த சத்தத்தில் அவர் நிமிர்ந்தார்.

"ஏங்க, அண்ணாச்சி தரிசுல விடப்போற பிளேனுக்கு எதுக்கு அட்டப்பெட்டி?"

அவர் டேப்பை முனையிலிருந்து மெதுவாகச் சுருட்டினார். "சும்மா பாத்தேன்" என்றார். முகம் வெளிறிவிட்டது. அவருக்கே அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பெட்டியை மடக்கி மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியே போனார்.

நாலு நாள் விமானப் பேச்சே இல்லை. கேட்டிருக்கக் கூடாதோ என்று எனக்கு உள்ளுக்குள் குத்தியது. ஐந்தாம் நாள் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்தவர், "குத்தாலத்துக்குப் போய்க் குளிச்சிட்டு வருவோமா?" என்றார். சீசன் நேரத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் வார நாளில், வெளியூர் வண்டிகள் வந்து இறங்குவதற்கு முன்பே போய்க் குளித்துவிட்டு வந்துவிடுவோம். பைக்கில் போனோம். பழைய அருவியில் நான் பெண்கள் பக்கம் நின்று குளித்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்து சேலை மாற்றி, டீக்கடைக்கு வந்தால், இவர் எனக்கும் சேர்த்து வடை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நம்ம காத்துக்கு அந்தப் பேட்டரி பிளேன் தாங்காதுட்டி" என்றார். "பழைய கததான். பின்னாலயே போயி அண்ணாச்சி மரத்துல ஏறிரும். இன்ஜின் வேணும். பெருசா, கனமா."

"அப்ப இன்ஜினே வாங்குங்க."

"சின்ன இன்ஜினுக்கு மெத்தனாலும் வெளக்கெண்ணெயும் கலந்து ஊத்தணும். வெளக்கெண்ணெ கெடச்சிரும். மெத்தனால் நம்ம ஊர்ல லேசுல கெடைக்காது. நேத்து தென்காசியில கேட்டேன், கடக்காரரு கள்ளச்சாராயத்துக்கோன்னு என்னைய மேலயும் கீழயும் பாக்காரு. பெட்ரோல் இன்ஜின்தான் சரி. பங்க்ல போயி ஒரு பாட்டில் புடிச்சா முடிஞ்சுது." டீயை ஒரு வாய் குடித்தார். "ஒண்ணு மட்டும் இருக்கு. ஒருக்கா பெட்ரோல் ஊத்தி ஓட்டுன இன்ஜின எந்த ஏர்போர்ட்லயும் ஏத்த மாட்டான். வாடை இருந்தாலே எடுத்து வெளிய வச்சிருவான்."

நான் வடையைப் பிய்த்தபடி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அருவிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப?" என்றேன்.

"அப்ப என்ன, பெட்ரோல் இன்ஜினே பாப்போம்."

அன்றைக்கு மேலகரம் வழியாகத் தென்காசி போய், வீட்டு பிளான் பிரிண்ட் போடுகிற கடையில், ஃபோனில் இறக்கி வைத்திருந்த விமான வரைபடத்தைப் பெரிய தாளில் அடித்து வாங்கினோம். மேல் இறக்கை விமானம், விரித்தால் என் கட்டிங் மேசையைவிட ஒரு சாண் நீளம். செய்து வருவது இல்லை. ஒவ்வொரு துண்டாக வெட்டி ஒட்டிக் கட்ட வேண்டியது. மூன்று மாதமாவது ஆகும் என்றார். மூன்று மாதம் என்று அவர் வாயால் கேட்டபோது, கடை வாசலில் நின்று சிரித்துவிட்டேன். கடைக்காரர் என்ன நினைத்தாரோ.

கூரியரில் பால்சா மரப்பலகைகள் வந்தன. கையில் எடுத்தால் அப்பளக்கட்டு கனம்கூட இல்லை. விமான இறக்கைக்குள் மீன் முள் மாதிரி வரிசையாக விலாக்கள் இருக்கும். எல்லாம் ஒரே அளவாக வெட்ட வேண்டும். இவர் வெட்டிய முதல் நாலும் நாலு விதமாக இருந்தன. நான் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல், "தள்ளுங்க அங்கிட்டு" என்று வாங்கி வெட்டினேன். வருஷம் முழுக்கக் கழுத்து வளைவும் கை வளைவும் வெட்டுகிறவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா? இருபத்தாறு விலாவையும் அடுக்கி வைத்தால் ஒரு முடியளவுகூட வெளியே நீட்டவில்லை. அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "எனக்கு இது தெரியாமப் போச்சே" என்றார். என்னைப் பற்றி அவருக்குத் தெரியாதது இன்னும் எவ்வளவோ இருந்தது. 

எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். என் மேசையை முழுசாகப் பிடித்துக்கொண்டார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்து தேங்கிப்போன ஜாக்கெட்டுகளை நான் கட்டிலில் வைத்து வெட்டினேன். குண்டூசிகளை எல்லாம் இறக்கையில் குத்திவைத்துவிட்டு, "இப்ப எடுக்காத, பசை காயல" என்பார். அடுப்படியில் என் டப்பாக்களை இடம் மாற்றி வைத்தார். இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்க வேண்டும் என்று நான் மட்டுமே முடிவு செய்திருக்கிறேன். உப்பு டப்பாவைத் தேடி நின்ற ஒரு காலையில், சரி, போகிறவர் போகட்டும், நிம்மதியாகவாவது இருக்கலாம் என்றுகூட நினைத்தேன். நினைத்த அன்றைக்கே, மகள் வீட்டுக்குப் போன அவர் திரும்ப நேரமானது. நான் நாலு தடவை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். அத்தோடு அந்த நினைப்பு போயிற்று.

ஐப்பசியில் விமானம் அநேகமாக முடிந்துவிட்டது. உடம்பு தயார். வால் தயார். இறக்கையின் இரண்டு பாதிகளுக்கும் நிற ஃபிலிம் ஒட்டி என் இஸ்திரிப் பெட்டியாலேயே தேய்த்து இறுக்கியாயிற்று. ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. வானத்தில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிய வேண்டுமாம். இன்ஜினும் வந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்தால் குளிர்ந்துபோய்ப் பளபளவென்று இருந்தது. ஒரு வாரம் எடுத்து எடுத்துப் பார்த்தார், விரலால் சுற்றிப் பார்த்தார், மறுபடி அதன் டப்பாவிலேயே வைத்தார்.

பிறகு வேலை அப்படியே நின்றது.

இறக்கையின் இரண்டு பாதிகளையும் நடுவில் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை. இன்ஜினில் பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பழக்க வேண்டும். ஊற்றவில்லை. கேட்டால், "மழை விடட்டும்" என்றார். அடைமழைக்காலம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பசை போட மழை விட வேண்டுமா? கம்பெனியிலிருந்து ஃபோன் வர ஆரம்பித்திருந்தது. அவர் வாசலுக்குப் போய்ப் பேசுவார். உள்ளே வந்து, "டிக்கெட் எப்பன்னு கேக்கான்" என்பார். "நீங்க என்ன சொன்னீங்க?" என்றால் அதே பதில்தான், பாப்போம்.

ஒருநாள் அவர் கடைக்குப் போயிருந்தபோது நான் ஒரு காரியம் செய்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து விரித்து, மஞ்சள் பாதியை உள்ளே வைத்துப் பார்த்தேன். நேராக வைத்தால் தட்டியது. கோணலாக வைத்தால் அடங்கியது. மேலே சிவப்பையும் வைத்தேன், அதுவும் அடங்கியது. உடம்புக்கு இடமில்லை, ஆனால் உடம்பை வளைகுடாவிலேயே ஒன்று செய்துகொள்ளலாம். இன்ஜின் டப்பாவுக்கு மூலையில் இடம் இருந்தது. அந்தப் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன். பிறகு எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

விசா முடிய நாலு நாள் இருக்கும்போது கம்பெனி மேனேஜர் கடைசியாகச் சொல்லிவிட்டார்: மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு கூப்பிடுவேன், அப்போது சரி என்றால் டிக்கெட் போடுகிறேன், இல்லையென்றால் உன் இடத்துக்கு வேறு ஆள். இவர் பள்ளிவாசலிலிருந்து வந்தார். நான் சாப்பாடு எடுத்து வைத்தேன். சாப்பிட்டார், கை கழுவினார். வாசலுக்குப் போவார் என்று பார்த்தேன். மேசைக்குப் போனார்.

"ஏட்டி, இங்கன வா. ஒரு கை புடிக்கணும்."

இரண்டு டியூப் பசையை ஒரு பழைய தட்டில் சமமாகப் பிதுக்கிக் குச்சியால் கலந்தார். நான் மேசைக்கு மறுபக்கம் போய் நின்றேன். நடுவில் வருகிற மரத்துண்டிலும் இரண்டு விலாக்களிலும் பசையைத் தடவினார். மஞ்சளை என் கையில் கொடுத்தார், சிவப்பை அவர் பிடித்துக்கொண்டார். இரண்டையும் சேர்த்து அழுத்தினோம்.

"இறுக்கிப் புடி. பசை வழுக்கும். ஒரு நூல் வெலகினாலும் பிளேன் காலத்துக்கும் ஒரு பக்கமாவே இழுக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி நேரம். அதுக்குள்ள வேணாம்னா பிரிச்சிரலாம். அதுக்கு மேல ரம்பம் வச்சு அறுத்தாத்தான் உண்டு."

நான் இறுக்கிப் பிடித்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் இறக்கை, ஆளுக்கு ஒரு பக்கம். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. தாழ்வாரத்து ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கு வாளியை நகர்த்தி வைக்க வேண்டும் என்று நினைத்தேன், நகரவில்லை.

ஜன்னலில் வைத்திருந்த ஃபோன் அடித்தது.

இவர் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது அடித்து அடித்து ஜன்னல் பலகையில் அதிர்ந்து கொஞ்சம் நகர்ந்தது.  வாயைத் திறந்தால் இறக்கை என் பக்கம் அசைந்துவிடும் என்று எனக்குப் பயம். ஃபோன் நின்றது. ஒரு நிமிஷம் கழித்து மறுபடி அடித்தது.

"எடுக்கலையா?" என்று கேட்டேன். 

"கை ஒழியலையே" என்றார்.

இரண்டாவது தடவையும் அடித்து ஓய்ந்தது. அதற்குப் பிறகு அடிக்கவில்லை.  எவ்வளவு நேரம் போயிற்றோ, அவர் என் முகத்தைப் பார்க்காமல், இறக்கையின் நடுவையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நாளைக்குக் காலையில பங்குக்குப் போயி ஒரு பாட்டில் பெட்ரோல் புடிச்சிட்டு வரணும்."

நான் தலையாட்டினேன். கண்ணைத் துடைக்கக் கை இல்லை; அது பாட்டுக்கு வழிந்து மஞ்சள் ஃபிலிமில் சொட்டியது. அவர் அதைப் பார்த்தார். தட்டில் மிச்சமிருந்த பசையைச் சுண்டுவிரலை நீட்டித் தொட்டுப் பார்த்தார். கல்லாகியிருந்தது.

"ஒட்டிருச்சு. கைய எடு" என்றார்.

நான் எடுக்கவில்லை.